மரை துடைத்த துணி

மேசைமேல் உன் துணி கிடக்கிறது. பழைய சுங்குடிச் சேலையிலிருந்து கிழித்த துண்டு. ஒரு காலத்தில் கத்தரிப்பூ நிறமாக இருந்திருக்க வேண்டும். இப்போது நடுவில் கறுத்து, ஓரத்தில் மட்டும் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் மிஞ்சியிருக்கின்றன. முகர்ந்தால் இரும்பும் பெட்ரோலும் கலந்த வாசனை. உன் துக்கத்துக்கு வந்த பெண்கள் சிலர், உன்னை நினைத்தாலே மல்லிகை மணக்கிறது என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். நீ பூ வைத்து நான் பார்த்ததில்லை. இந்த வாசனை மட்டும் உன்னுடையது என்று என்னால் சத்தியம் செய்ய முடியும்.

வெளியே போர்டிகோவில் உன் வண்டி நிற்கிறது. அதன் அடியில் ஓர் அட்டை விரித்திருக்கிறது. அதை நான் இன்னும் உருவிப் பார்க்கவில்லை. தனியாகப் பார்க்கக்கூடாது என்பது ஒப்பந்தம். என் அண்ணன் மகன் ரோஷன் வந்த பிறகு இருவரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். அட்டையில் சிவப்பு எண்ணெய் ஒரு துளி இருந்தாலும் வண்டிச் சாவி அவன் கைக்குப் போய்விடும். அதன் பிறகு மருந்துக் கடைக்குப் போவதானாலும் அவனுடைய ஓய்வு நேரத்தைக் கேட்டுத்தான் நான் போக வேண்டும். அட்டை சுத்தமாக இருந்தால், நான் வண்டி ஓட்டுவதைப் பற்றி அவன் இனி வாயைத் திறக்கக்கூடாது. அவன் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அந்தத் தெளிவு கூட இல்லாவிட்டால் நாம் இருவரும் இயற்பியல் படித்ததற்கு அர்த்தமில்லை.

வண்டிக்கு அடியில் அட்டை விரிப்பது உன் பழக்கம். முதல் தடவை அதைப் பார்த்தபோது, தரை அழுக்காகாமல் இருக்கத்தான் விரிக்கிறாய் என்று நினைத்தேன். நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"தரை அழுக்கானா கழுவிக்கிடலாம்ளா. வண்டி என்னத்த ஒளிக்குதுன்னு எனக்குத் தெரியணும். அது வாயப் பாத்துக்கிட்டு நான் உக்காந்திருக்க முடியுமா? அட்டை பாத்துக்கிடும்."

கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே நீ அப்படித்தான். மற்றவர்கள் எடைக்கற்களை வைத்துப் பொருளை நிறுத்தார்கள். நீ முதலில் எடைக்கற்களை ஒன்றோடொன்று நிறுத்துப் பார்த்தாய். விரிவுரையாளர் கோபித்துக்கொண்டார். ஒரு கல் குறைந்திருந்தது என்பது தெரிந்ததும் கோபம் இன்னும் கூடியது. அன்றைக்கே உன்னோடு பேசத் தொடங்கினேன். பிறகு நான் அதே பாடத்தைக் கல்லூரியில் நடத்தப் போனேன். நீ தேர்வெழுதிச் சுங்க இலாகாவுக்குப் போய், துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களைத் திறந்து பார்க்கும் அதிகாரியானாய். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவள் நீ. நான் அதை இலவசமாகச் செய்தேன்.

ஒரு மாலை கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, மக்ரூன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நீ ஒரு பெட்டகத்தின் கதையைச் சொன்னாய். கதவில் முத்திரை அப்படியே இருந்தது. எண்ணும் சரியாக இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போடத் தயாரானார்கள். நீ மட்டும் கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்த போல்ட்டுகளைப் பார்த்தாய். ஒரு போல்ட்டின் தலையில் இருந்த பெயிண்ட், அதன் பக்கத்துப் போல்ட்டின் பெயிண்டைவிடப் புதியது. முத்திரையைத் தொடாமலே, போல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்து, பாதிச் சரக்கை எடுத்துவிட்டு, மறுபடி மாட்டிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"முத்திரை இருக்கு, சரி. சரக்கு இருக்கா? நான் கேக்கது அது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தில் மிச்சமிருந்ததை எல்லாம் நீயே தின்று முடித்தாய்.

அந்தக் கேள்வியை நான் பல இடங்களில் பயன்படுத்தியிருக்கிறேன். திருமண அழைப்பிதழ்களிலும், பட்டம் பெற்றவர்களிடமும், என் அண்ணன் குடும்பத்தாரின் பாசத்திலும். பெரும்பாலும் ஏமாந்ததில்லை.

நீ ஆட்டோமேட்டிக் கார் வாங்கியபோது நான் சிரித்தேன். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உன்னால் கிளச்சை மிதிக்க முடியவில்லை என்பது நியாயமான காரணம்தான். ஆனாலும் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஒரு பெட்டியிடம் உயிரை ஒப்படைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. "தானாக யோசிக்கிற வண்டியை நம்பக்கூடாது" என்றேன். "நீயுந்தான் தானா யோசிக்குத. உன்கூட நான் வரலியா?" என்றாய். ஏறி உட்கார்ந்து, சீட் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது அந்த வண்டியைத்தான் நான் ஓட்டுகிறேன். என் பழைய வண்டியை விற்றாகிவிட்டது. என் இடது கால் கிளச்சை மிதிக்க மறுக்கிறது. மருத்துவர் அதற்கு நீளமான பெயர் ஒன்று வைத்திருக்கிறார். உன் வண்டி நின்றால், நான் நின்றேன். மாதம் ஒரு முறை திருச்செந்தூரைத் தாண்டிப் பெரியதாழைக்கு வருகிறேன். பூ வைக்க வருவதாக உன் மகன் எல்லோரிடமும் சொல்கிறானாம். அவன் கட்டிய கல்லறையின் சிமெண்ட் எந்த அளவுக்குத் தாங்குகிறது என்று பார்க்கத்தான் வருகிறேன். தலைமாட்டில் மயிரிழை போல ஒரு வெடிப்பு இருக்கிறது. கடல் மணலை அள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, அட்டையில் முதல் சிவப்புப் புள்ளி தென்பட்டது. கியர்பாக்ஸ் எண்ணெய்க்குத்தான் அந்தச் சிவப்பு. திருச்செந்தூர் சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் இசக்கிமுத்துவிடம் கொண்டுபோனேன். நீ இருந்தபோதும் அவரிடம்தான் போவோம். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, எண்ணெயைத் தடுக்கும் முன்பக்கத்துச் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்றார்.

இறக்குவது பெரிய காரியமில்லை. ஏற்றுவதில்தான் சங்கதி இருக்கிறது. நான் அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தை அச்செடுத்துப் படித்துவிட்டுப் போனேன். கியர்பாக்ஸ் எஞ்சினோடு கையால் தள்ளும்போதே ஒட்டி உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் உள்ளே ஏதோ பொருந்தவில்லை என்று அர்த்தம். போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைத்தால் உள்ளே உடையும். உட்கார்ந்த பிறகு ஒவ்வொரு போல்ட்டையும் அதற்கென்று குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும். எஞ்சினோடு பிடிக்கும் பெரிய போல்ட்டுகளுக்கு ஓர் அளவு. கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தங்கும் தட்டுக்கு, சம்ப் என்பார்களே அதற்கு, மிகச் சிறிய அளவு. அதை விரல் பலத்தோடு ஒப்பிடலாம். அந்த அளவுகளைப் பார்த்து முறுக்கத்தான் டார்க் ரெஞ்ச். குறித்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லிவிடும்.

பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கியர்பாக்ஸ் சுகமாக உட்கார்ந்தது. இசக்கிமுத்து ஒவ்வொரு போல்ட்டையும் கிரீஸ் டப்பாவில் முக்கி எடுத்து மாட்டினார். அதைப் பார்த்து, வேலை தெரிந்தவர் என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன். இந்த ஊரில் கிரீஸ் இல்லாமல் எதை மாட்டுகிறோம்? கேட்டின் கீல், தண்ணீர் மோட்டார், உப்பள லாரியின் நட்டு, படகு எஞ்சின், எல்லாவற்றுக்கும் அதுதான். உப்புக் காற்று தொட்டதையெல்லாம் தின்னும் ஊர் இது.

பாதி வேலையில் நான் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். திரும்பிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. அளவு பார்த்து முறுக்கியாயிற்று என்பதற்கு அது அடையாளம். எல்லாக் கோடுகளும் ஒரே கையால் ஒரே மூச்சில் இழுத்தவை போல அழகாக இருந்தன. அந்த அழகுதான் எனக்குப் பிடிக்கவில்லை. முத்திரை இருக்கிறது, முறுக்கு இருக்கிறதா?

மறுநாள் காலை அட்டையில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு.

இசக்கிமுத்து ஒழுகும் இடத்தைத் தடவிப் பார்த்தார். "சம்ப்புலேந்துதான் வருது மேடம். கொஞ்சம் இளகியிருக்கும். இன்னும் ஒரு முறுக்குக் குடுக்கேன்" என்றார். கொடுத்தார். அடுத்த நாள் நாணயம் அப்பளமாயிற்று. மறுபடியும் போனேன்; மறுபடியும் ஒரு முறுக்கு. முறுக்க முறுக்க ஒழுக்கு கூடியது. வேண்டுமென்றே செய்தாலொழிய இப்படி ஆகாது என்று தோன்றியது.

அந்த நேரத்தில்தான் ரோஷன் வீட்டுக்கு வந்தான். அவனை உனக்குத் தெரியும். நல்லவன்தான், அதுதான் தொந்தரவு. அட்டையைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"அத்தை, கியர்பாக்ஸ் போயிட்டு. இதுக்கு மேல இதுல பணத்தப் போடுறது தண்டம். வித்துருவோம். எங்க போகணும்னாலும் எனக்கு ஒரு போன் போடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன். இசக்கி அண்ணாச்சியும் இதையேதான் சொல்லுவாவ, வேணும்னா கேட்டுப் பாருங்க."

நான் அவனுக்குக் காபி கலந்து கொடுத்தேன். என் மெக்கானிக்கின் பெயரை நான் அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நீ இருந்திருந்தால் அந்த இடத்தில் குறித்துக்கொள்ளப் பேனா மூடியைக் கழற்றியிருப்பாய்.

அடுத்த நாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், வண்டியிலிருந்து இறங்காமலே கேட்டேன்.

"தம்பி, ரோஷன்னு ஒரு பையன் உங்களுக்குப் போன் பண்ணினானா?"

இசக்கிமுத்து கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"பண்ணினாவ மேடம்."

"என்ன சொன்னான்?"

"வண்டி தேறாதுன்னு உங்ககிட்டச் சொல்லிரணுமாம். உங்க நல்லதுக்குத்தானாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தேறுற வண்டியத் தேறாதுன்னு சொன்னா, அப்புறம் நான் இங்கன கடையத் தெறந்து வச்சிக்கிட்டு என்ன செய்ய? முடியாதுன்னுட்டேன்."

"முடியாதுன்னு சொல்லிட்டு, தேறாத மாதிரி ஆக்கிட்டீங்களோ?"

அவர் முகம் கறுத்துவிட்டது. பக்கத்தில் லாரிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், நீங்க என்ன வேணாலும் கேளுங்க, இத மட்டும் கேக்காதிய. தெனமும் காலைல உங்க வண்டி உள்ள நொழையும்போது நான் மொதல்ல தரையத்தான் பாக்கேன். அங்கன ஒழுகுறது எண்ணெய் இல்ல, என் பேரு. கஸ்டம்ஸ் அம்மா இருந்தா இத நம்புவாவளா?"

நீ நம்பியிருக்க மாட்டாய் என்பதும் நிச்சயம், அவர் சொல்வது உண்மை என்பதும் நிச்சயம். நீ ஆளை நம்பாமல் போல்ட்டைப் பார்த்திருப்பாய். நானும் அதையே செய்ய எண்ணினேன். "மேல் போல்ட்டெல்லாம் இறுக்கமா இருக்கான்னு எங்க ரெஞ்ச்ல பாருங்க" என்று சொல்லி, டிக்கியில் மாற்றுச் சக்கரத்தின் பக்கத்தில் கிடந்த உன் ரெஞ்சை எடுக்கப் போனேன். எல்லோரும் ஓய்வு பெற்றால் கம்மலும் வளையலும் வாங்குவார்கள். நீ உன் பணி ஓய்வுப் பணத்தில் டார்க் ரெஞ்ச் வாங்கியவள்.

ரெஞ்ச் இந்தத் துணியில் சுற்றிக் கிடந்தது. பிரித்தேன். துணியின் நடுவில் இருந்த கறுப்பைப் பார்த்தேன்.

வேம்பார்ப் பக்கம் ஒரு மத்தியானம் உன் வண்டியின் பின்சக்கரம் பஞ்சரானது நினைவிருக்கும். இரண்டு பக்கமும் உப்பளம். கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. சாலையோரத்துப் பஞ்சர்க் கடைக்காரர் சக்கரத்தை மாட்டிவிட்டு, எண்ணெய்த் தூரிகையை எடுத்தார். நீ அவர் கையைப் பிடித்துத் தடுத்தாய். இந்தத் துணியை எடுத்து, சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட் ஒவ்வொன்றின் திருகு வரியான மரையையும் கறுப்பு வராத வரைக்கும் துடைத்தாய். பழைய எண்ணெயைக்கூட விடவில்லை.

"எம்மா, எண்ணெ போடாம மாட்டுனா இங்கன துரு ஏறிரும்" என்றார் அவர்.

"ஏறட்டும். துரு ஏறினா என் கண்ணுக்குத் தெரியும். எண்ணெ இருந்தா இந்த ரெஞ்சு பொய் சொல்லுறது எவன் கண்ணுக்குத் தெரியும்?" என்றாய். "ஏளா, அங்கன என்ன உப்பையா எண்ணிக்கிட்டிருக்க? இந்தத் துணியப் பிடி" என்று என்னையும் ஓர் அதட்டு.

நான் துணியைப் பிடித்தேன். வெயிலைத் திட்டிக்கொண்டே பிடித்ததால் நீ சொன்னது காதோடு போயிற்று. உனக்கு எதையும் துடைத்துப் பார்க்கும் கிறுக்கு உண்டு, இது அதில் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

இசக்கிமுத்துவின் ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டு அந்தத் துணியைப் பார்த்தபோது கணக்கு தானாக ஓடியது. போல்ட்டை முறுக்கும்போது நாம் கொடுக்கும் பலத்தில் பெரும்பங்கு உராய்வை வெல்வதிலேயே செலவாகிறது. மிஞ்சுகிற சிறு பங்குதான் போல்ட்டை இழுத்து இரண்டு பரப்புகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. புத்தகத்தில் உள்ள அளவு, உலர்ந்த மரையை நினைத்துப் போட்டது. கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்துவிடும். அதில் மிச்சமாகும் பலமும் இழுப்பில் சேர்ந்துகொள்ளும். ரெஞ்ச் அதே அளவில் 'டிக்' என்று சொல்லும். அதற்குள் போல்ட் தாங்கக்கூடியதைத் தாண்டி இழுபட்டிருக்கும். நான் இளக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், நடந்தது மிகை. மஞ்சள் கோடுகள் உண்மை பேசின. 'டிக்' உண்மை பேசியது. இசக்கிமுத்துவும்தான். எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், ஊரே செய்கிறது என்பதால் கிரீஸ் டப்பாவை மட்டும் விட்டுவிட்டேன்.

"தம்பி, இறுக்கிப் பார்க்க வேண்டாம். மேல் போல்ட் ஒண்ணைக் கழற்றுங்க" என்றேன்.

"எது மேடம்?"

"உங்களுக்கு எது பிடிக்குமோ அது."

கழற்றினார். போல்ட்டோடு சேர்ந்து, கியர்பாக்ஸின் அலுமினிய மரையும் மெல்லிய சுருளாக உரிந்து வந்தது. பென்சில் சீவும்போது வருமே, அப்படி. பிறகு சம்ப்பை இறக்கினார். எண்ணெய் கசியாமல் நடுவில் வைத்திருந்த கேஸ்கெட் நசுங்கி, ஒரு பக்கம் உள்ளே பிதுங்கி, மறுபக்கம் வாயைப் பிளந்திருந்தது. அவர் கொடுத்த ஒவ்வொரு முறுக்கும் எண்ணெய்க்கு வழி விட்டிருக்கிறது.

இசக்கிமுத்து அந்தச் சுருளை விரலில் சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"எங்க அப்பா காலத்துலேந்து கிரீஸ் போட்டுத்தான் மாட்டுதோம் மேடம். லாரில ஒண்ணும் ஆனதில்ல."

"லாரியில இரும்புக்குள்ள இரும்பு. அது தாங்கும். இது அலுமினியம்."

"அப்ப துருவுக்கு என்ன செய்ய? நாளைக்கு ஒருத்தன் இதக் கழத்த வந்து, முடியாம என் பரம்பரையத் திட்டுவான்."

நியாயமான கேள்வி. புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. புத்தகம் எழுதியவர்கள் உப்பளத்தின் பக்கத்தில் குடியிருந்தவர்கள் அல்லர். யோசித்துவிட்டு, "மரையை உலர்த்தி முறுக்குங்க. முறுக்கி முடிச்ச பிறகு, வெளியே தெரியற தலையில எவ்வளவு வேணும்னாலும் அப்புங்க" என்றேன்.

அவர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. "கஸ்டம்ஸ் அம்மா போயிட்டாவன்னு கொஞ்சம் நிம்மதியா இருந்தேன் மேடம். போகும்போது தன் எடத்துல ஒரு ஆளப் போட்டுட்டுத்தான் போயிருக்காவ."

கியர்பாக்ஸ் மறுபடி இறங்கியது. அறுந்த துளையை அகலப்படுத்தி உள்ளே புது மரையும், சம்ப்புக்குப் புது கேஸ்கெட்டும் வைத்தார்கள். ஒவ்வொரு துளையையும் ஒவ்வொரு போல்ட்டையும் பெட்ரோல் ஊற்றிக் கழுவி, இந்தத் துணியில் துடைத்தோம். அவர் துடைத்ததை நான் ஒரு முறை துடைத்துப் பார்த்தேன். நான் துடைத்ததை அவரும் துடைத்துப் பார்த்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. கையால் தள்ளியதும் கியர்பாக்ஸ் ஒட்டி உட்கார்ந்தது. எதிரெதிராக, இரண்டு சுற்றில், உன் ரெஞ்சால் முறுக்கினார். நான் அளவைச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். ரெஞ்ச் 'டிக்' என்றது. இந்த முறை நான் சாப்பிடப் போகவில்லை. கடைசியில் பெயிண்ட் டப்பாவை என் பக்கம் நகர்த்தி, "கோடு நீங்களே போடுங்க மேடம். அப்பத்தான் என்னச் சந்தேகப்பட முடியாது" என்றார். போட்டேன். என் கோடுகள் கோணலாக இருக்கின்றன. நம்புவதற்கு அவை போதும்.

அன்று மாலை ரோஷனை வரச்சொன்னேன்.

"வண்டி தேறாதுன்னு சொல்லச் சொன்னியா?"

அவன் மறுக்கவில்லை. அதற்காக அவனுக்குக் கொஞ்சம் மதிப்பெண் கொடுத்தேன்.

"ஆமா அத்தை. மழைல, அந்தப் பெரியதாழை ரோட்டுல, நீங்க ஒத்தையில நிக்கிற மாதிரியே நெனப்பு வருது. எனக்குத் தூக்கமே இல்ல."

"தூக்கம் இல்லைன்னா டாக்டர்கிட்ட மாத்திரை கேளு. என் மெக்கானிக்கைப் பொய் சொல்லச் சொல்லாதே."

"ஒழுகுற வண்டிதானே அது? ஒழுகினா வழியில நின்னுராதா?"

"ஒழுகினா சாவியை நீ எடுத்துக்கோ."

வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. அவன் உடனே பிடித்துக்கொண்டான். நேற்று சாயங்காலம் தானே ஒரு புது அட்டையைக் கொண்டுவந்தான். அதன் நான்கு மூலையிலும் பேனாவால் கையெழுத்துப் போட்டான். வண்டிக்கு அடியில் தவழ்ந்துபோய்த் தானே விரித்தான். "எதுக்குடா கையெழுத்து?" என்று கேட்டேன். "உங்கள எனக்குத் தெரியும் அத்தை" என்றான்.

எனக்கு அவனை முதல் முறையாகப் பிடித்தது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு சந்தேகம் மட்டும் தீரவே இல்லாமல் இருந்தது. உனக்கு மகன் இருக்கிறான், மருமகள் இருக்கிறாள். வண்டியை ஏன் எனக்குக் கொடுத்தாய்? உன் கடைசி நாட்களில் உன்னால் எழுந்து உட்கார முடியவில்லை. ஆனால் குரல் மட்டும் பரிசோதனைக்கு வந்த அதிகாரியின் குரலாகவே இருந்தது. "வண்டி உனக்கு" என்றாய். "எனக்கு எதற்கு, என்னுடையது ஓடிக்கொண்டுதானே இருக்கிறது" என்றேன்.

"உன் வண்டில கிளச்சு இருக்கு" என்றாய்.

"இருந்தால் என்ன?"

"எறங்கும்போது எடது கால கையால தூக்கி வெளிய வைக்குத. நான் பாக்கலன்னு நெனச்சியா?"

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. என் கால் எனக்கே சொல்லாத ஒன்றை நீ எப்படிச் சொல்லலாம்? அப்படி எதுவும் இல்லை என்று சாதித்துவிட்டு வீட்டுக்கு வந்து, வண்டியிலிருந்து இறங்கும்போது என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே இருந்தது. என் வாழ்நாளில் என்னை இவ்வளவு கவனமாகச் சோதனை போட்டவர்கள் வேறு யாருமில்லை. அதற்கு வேறு பெயர் சொல்ல நான் தயாராக இல்லை. நீயும் கேட்டிருக்க மாட்டாய்.

வாசலில் ரோஷனின் பைக் சத்தம் கேட்கிறது.

போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலிட்டு அட்டையை உருவினான். நான் ரெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எதற்காக அதை எடுத்துக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை. அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். ஒன்றும் இல்லை. ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது. அட்டையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தான். பிறகு நான்கு மூலைக் கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். நான்காவதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான்.

"என் கையெழுத்துதான்" என்றான், தன்னையே நம்பாத குரலில்.

"முத்திரை இருக்கு. சரக்கு இருக்கான்னு பார்" என்றேன்.

அவன் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனான். வெள்ளைச் சட்டையோடு போனான். சம்ப்பின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி, அந்த விரலை முகர்ந்து, சட்டையில் துடைத்து, துடைத்த இடத்தையும் பார்த்துவிட்டு வெளியே வந்தான். சட்டையில் தூசி இருந்தது, சிவப்பு இல்லை.

"சரி அத்தை" என்றான். சாவியைக் கேட்டு நீட்டுவதற்காக வந்த கை, என் தோளில் இருந்த அட்டைத் தூசியைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிற்று. வாசல்வரை போனவன் நின்றான்.

"நாளைக்குப் பெரியதாழை போறியளா?"

"போகிறேன்."

"நானும் வரட்டுமா? ஓட்டுறதுக்கு இல்ல. சும்மா."

சும்மா என்ற சொல்லை நான் நம்புவதில்லை. நான் ஓட்டுவதைச் சோதனை போட வருகிறான் என்பது வெளிப்படை. "பின் சீட்டில் உட்காருவதானால் வா" என்றேன். அவன் தலையாட்டினான். ஆக, நாளைக்கு உன் முன்னால் இரண்டு பேர் நிற்போம். வெடிப்பு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அவன் கண்ணாலும் ஒரு முறை பார்த்து வைப்பது நல்லது. உன் மகன் என் பேச்சை மட்டும் தனியாக நம்ப மாட்டான்.

அவன் போனபிறகு ரெஞ்சை உள்ளே வைக்க எடுத்தேன். வேம்பார்ச் சாலையில் அன்று எல்லாம் முடிந்த பிறகு, நீ ரெஞ்சின் கைப்பிடியைத் திருகி, அளவைக் கடைசிவரை இறக்கிவிட்டுத்தான் துணியில் சுற்றினாய். இதை மட்டும் நான் காதில் வாங்கியிருந்தேன், ஏனென்றால் கேட்டது நான்தான்.

"எதற்கு அதைப் போய் இளக்குகிறாய்? அடுத்த முறையும் அதே அளவுதானே?"

"உள்ள ஸ்பிரிங் இருக்குல்லா. முறுக்குலயே போட்டு வச்சா நாள்பட அது சோந்துரும். அப்புறம் என்னத்தச் சொன்னாலும் தப்பாத்தான் சொல்லும். வேல முடிஞ்சா இளக்கி வச்சிரு."

கைப்பிடியைத் திருகினேன். அளவு ஒவ்வொரு கோடாக இறங்கி, அடிக்கு வந்து நின்றது. துணியில் சுற்றினேன். டிக்கியில், சக்கரத்தின் பக்கத்தில், நீ வைத்த இடத்திலேயே வைத்துப் பூட்டினேன். பிறகு பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தேன்.